ஆகாயத்தில் நிற்கப் பழகுகிறேன், மச்சான்

என் பிரிய மச்சானுக்கு,

இன்று காலை உங்கள் விமானத்தை ஆகாயத்தில் நிறுத்தினேன். மூக்கு வானத்தைப் பார்க்க, வால் தரையைப் பார்க்க, ஆள் உயரத்துக்கு மேலே ஒரே இடத்தில் தொங்கியது. இதைச் சொல்ல உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை. உங்கள்மேல் கோபமாகவும் இருக்கிறேன். கோபம்தானா என்பதும் தெரியவில்லை.

துபாயிலேயே உங்களை அடக்கம் செய்துவிட்டார்கள். நாங்கள் முகம்கூடப் பார்க்கவில்லை. உங்களுக்காக நான் வீட்டோடு இருந்த இத்தா நாள்கள் முடிந்த பிறகு, உங்களோடு ஒரே அறையில் இருந்த செல்வம் ஊர் திரும்பி, உங்கள் பெட்டியையும் நீளமான ஓர் அட்டைப்பெட்டியையும் கீழ்வேளூருக்குக் கொண்டுவந்தார். உள்ளே தெர்மக்கோல் போல லேசான ஒரு விமானம், ஒரு ரிமோட். யார் வீட்டுப் பிள்ளைக்கு வாங்கியது என்று கேட்டேன்.

"பாயோடதுதாங்க்கா. வெள்ளிக்கிழமையானா இத தூக்கிக்கிட்டு பாலைவனத்துக்குப் போயிடுவாரு."

வெள்ளிக்கிழமைகளில் போனில் கேட்டால் சும்மா படுத்திருக்கிறேன் என்பீர்களே. மூட்டைப்பூச்சிக் கட்டிலில் நீங்கள் தனியாகக் கிடப்பதாக நினைத்து நான் இங்கே அழுவேன். யாருக்காக அழுதேன், மச்சான்?

விமானத்தைச் செல்வத்தையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று, மனைவி மாலதியோடு வந்து தன் வயலுக்குக் கூட்டிப்போனார். இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. குறுவை போடாமல் நிலம் வெறுமனே கிடக்கிறது. அங்கே பறக்கவிட்டு, நடுவானில் சட்டென்று தலைதூக்கி நிறுத்திக் காட்டினார். பாய் அளவுக்குத் தனக்கு வராது என்றார். என்னிடம் கொடுங்கள் என்று கையை நீட்டிவிட்டேன். ஏன் நீட்டினேன்?

அதன் முதுகு என் பக்கம் இருந்தால் இடது இடதுதான். மெல்லத் திரும்பி வயிற்றைக் காட்டினால், ரிமோட்டின் குச்சியை நான் இடப்பக்கம் தள்ள அது வலப்பக்கம் சாய்கிறது. விசையைக் கூட்டினால் மேலே ஓடுகிறது, குறைத்தால் தொப்பென்று விழுகிறது. மூக்கு உடையும், ஒட்டுவோம், மறுபடி உடையும். நீங்களும் இப்படித்தான் விழுந்து பழகினீர்களா?

ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்து பசை காயக் காத்திருந்தபோது, நீங்கள் ஏன் இதை என்னிடம் மறைத்தீர்கள் என்று செல்வத்திடம் கேட்டுவிட்டேன். ஒட்டிய மூக்கை அழுத்திப் பிடித்தபடி அவர் சொன்னார்:

"'நான் கஷ்டப்படுறேன்னு வீட்ல அழுவுறாங்க. சந்தோஷமா இருக்கேன்னு எப்படி செல்வம் சொல்றது?'ன்னு கேப்பாருங்க."

மாலதி அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "இவரும் எங்கிட்ட சொன்னதில்லக்கா."

மாமியை நினைத்தால்தான் குழப்பம் கூடுகிறது. நீங்கள் அனுப்பிய பணத்தில் மாட்டிய ஏசியை உங்கள் உம்மா போட விடுவதில்லை. எம்புள்ள வெயில்ல காஞ்சு மாட்டுனது என்கிறார். நான் வயலுக்குப் போவதை அவரிடம் சொல்லவில்லை. மாலதியிடம் தையல் பழகுவதாகச் சொல்லியிருக்கிறேன். உங்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை? உண்மையைச் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்குமா, இல்லை மகனை இன்னொரு தடவை இழந்த மாதிரி ஆகுமா?

இன்று, காற்று கிளம்புவதற்கு முன், விமானம் வயிற்றைக் காட்டித் திரும்பியது. யோசிப்பதற்குள் என் விரல் சரியான பக்கம் போய்விட்டது. அது நின்றது. வாய்விட்டுச் சிரித்தேன், மச்சான். நீங்களும் அங்கே இப்படிச் சிரித்திருந்தால் நல்லதுதான் என்று தோன்றியது. மறுநொடியே, அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் கேட்கவில்லையே என்ற நினைப்பும் வந்தது. அவசரமாக இறக்கிவிட்டேன்.

எது சரி என்று இப்போதும் தெரியவில்லை. ஆனாலும் வரும் வெள்ளிக்கிழமை மாமியை ஆட்டோவில் வயலுக்கு அழைத்துவருவேன். முதலில் விமானத்தை நிறுத்திக் காட்டுவேன். பிறகு, உங்க புள்ள அங்க சந்தோஷமாவும் இருந்தாரு மாமி என்று சொல்லிவிடுவேன். அவர் அழுதாலும், என்னைத் திட்டினாலும், பக்கத்திலேயே இருப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மாமன் மகளும் மனைவியுமான
ஜெய்னம்பு