கூறைச் சேலையும் படகும்

மார்ச், செவ்வாய்க்கிழமை

அம்மாவின் கலியாணக் கூறை கதிரையில் கிடக்கிறது. அம்மா அதை இன்னும் மடிக்கவில்லை.

அம்மா வீட்டு வேலை செய்யும் இத்தாலிய எசமானி சிஞ்ஞோராவின் மகள் சினிமாவுக்கு உடுப்புத் தைப்பவள். பேயும் கனவுமான ஒரு படத்துக்குச் சிவப்புப் பட்டோடு ஒரு பெண் வேண்டும் என்று கேட்டாள்.

"பள்ளிக்கூடம் போறதையும் விட்டிட்டாய். அங்கை கதைக்கத் தேவையில்லையாம், போ பிள்ளை," என்று அம்மாதான் கூறையை எடுத்துத் தந்தார்.

இன்று பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய மண்டபத்தில் படப்பிடிப்பு. மேலேயிருந்து மீன்கள் இலைகளைப் போலத் தொங்கின. சியாகுல்லி ஊர் மந்தரின் தோடம்பழங்கள் நிரம்பிய படகில் என்னைக் கிடத்தினார்கள். முகத்தில் சாம்பல் நிறம் பூசி, கண்ணை மூடச் சொன்னார்கள். வகுப்பில் வாய் திறக்கவே கூசிய எனக்கு, அத்தனை பேர் பார்த்தும் கூச்சம் வரவில்லை. பெரியவர்களுக்கான படமாம். வெளிவந்தாலும் என்னை உள்ளே விடமாட்டார்கள்.

பின்னேரம் சிஞ்ஞோராவின் மகள் அம்மாவின் போனுக்கு என் படத்தை அனுப்பினாள்.

"உன்னைச் செத்தவளாயோ கிடத்தினவை?"

"ஓம். நடிப்புத்தானே அம்மா."

"அப்பாவுக்கு முன்னம் நான் போனால் எனக்குக் கட்டிக் கிடத்திற சேலை அது. உனக்கில்லை."

மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து என் தலையில் தெளித்தார்.

"நாளைக்குப் போறதெண்டால் போ. கூறை இஞ்சை இருக்கட்டும்."

நாளைக்குத்தான் அந்தப் பெண் உயிர் பெற்று படகிலிருந்து எழும்புகிறாள். அதே சேலை வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் காட்சியை விட்டுவிடுவார்கள், நான் செத்தபடியே கிடப்பேன்.

பக்கத்து அறையில் அம்மா விழித்துத்தான் இருக்கிறார். எழும்பிப் போய், நாளைக்கு அவள் உயிர் பெறுகிறாள் என்று சொன்னால் போதும். கால் வரவில்லை.