ஓயாத மணி

1959, ஜூன் 14, ஞாயிறு

விபத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரருக்கு ஒரு கண்தான். அதில் நன்றாகத் தெரிகிறது, சீக்கிரம் மறுபடி டாக்சி ஓட்டுவேன் என்றே சொல்லிவந்தார். அதுவரை டாக்சியை என் தம்பி ஓட்டுகிறான்.

இன்று சாயங்காலம் பொருட்காட்சியில் கார் ஓட்டும் விளையாட்டு மெஷின் பார்த்தோம். கண்ணாடிக்குள் சாலை ஓடுகிறது. ஸ்டீரிங்கைத் திருப்பினால் குட்டிக் கார் வளைகிறது. சாலையை விட்டு விலகினால் மணி அடிக்கும். ஆசையாக உட்கார்ந்தார். மணி ஓயவே இல்லை.

“மெஷின் கெட்டுப்போச்சு,” என்றார்.

“ஆமாங்க,” என்றேன்.

அடுத்து ஒரு சீனர் உட்கார்ந்து ஓட்டினார். மணி அடிக்கவில்லை. இவர் அசையாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

காஜா பேராங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், “டாக்சிய இனி உன் தம்பியே ஓட்டட்டும்,” என்றார். அவர் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தேன்.

இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை.