இறுக்கித் தைத்த கை

நேற்று அலமாரியைத் துடைத்தபோது அந்த வாடாமல்லி நிற ரவிக்கை கையில் வந்தது. முதலில் அந்துருண்டை வாசம்தான் அடித்தது. முகத்தருகே கொண்டுபோனபோது, பிரமையோ என்னவோ, உன் தையல் மிஷினின் எண்ணெய் வாசமும் லேசாக வந்த மாதிரி இருந்தது. போட்டுப் பார்த்தேன். கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. பெருத்துவிட்டேன் என்று நீ சிரிக்க வேண்டாம். இளைத்துக் கிடந்த அந்தக் காலத்திலும் இது எனக்கு ஏறியதில்லை. நீ தைத்தது அப்படி.

இந்த ஊரில் உன் வேலைக்கு ஈடு கிடையாது என்று உனக்கே தெரியும். அதில் உனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பள்ளிக்கூடம் முடித்த கையோடு பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில் மிஷின் போட்டு உட்கார்ந்தாய். நான் டைப்பிங் வகுப்புக்குப் போனேன். ஒரு நாள் ரவிக்கைக்கு அளவு எடுக்கும்போது என் கையைச் சுற்றி நாடாவைப் போட்டவள் அப்படியே நிறுத்திவிட்டாய்.

"என்னடி கை இப்படி இளைச்சிருக்கு? யாரு?"

அதுவரை அந்தப் பேச்சை நான் யாரிடமும் எடுத்ததில்லை. உன்னிடம் சொன்னேன். கிள்ளான் துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணி. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து பஸ் ஏறி டைப்பிங் வகுப்புக்கு வருகிறவர். அவருடைய அப்பா அம்மா இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள். நாங்களோ யாழ்ப்பாணத்து ஆட்கள். என் அப்பா அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். சொல்லி முடித்தபோது நாடா உன் கழுத்துக்குத் திரும்பியிருந்தது.

"உங்கப்பா ஒத்துக்க மாட்டாரு லா," என்றாய். "சரி, எங்க பேசிக்கிறீங்க? பஸ் ஸ்டாப்லயா? ஊரே பாக்கும்."

யோசித்து வைத்த மாதிரிதான் அடுத்ததைச் சொன்னாய். புது ரவிக்கை வாங்க அம்மாவுடன் வருவேன். அது கை இறுக்கமாக இருக்கும். அடுத்த சனிக்கிழமை அதைப் பிரித்துத் தைக்க நான் மட்டும் வரலாம். எந்தத் தாயும் அதற்குத் தடை சொல்ல மாட்டாள்.

அப்படித்தான் நடந்தது. உன் சமையலறையில் அவரும் நானும் பேசிக்கொண்டிருப்போம். கதவைச் சாத்த விடமாட்டாய். திரைக்கு இந்தப் பக்கம் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். "நான் ஊசியில நூல் கோக்குறேன், திரும்பிப் பாக்க மாட்டேன். ஆனா காது இருக்கு, பாத்துக்குங்க," என்பாய். அவர் வெட்கப்பட்டுச் சிரிப்பார். அவர் கிளம்பியதும் கையைப் பிரித்து விடுவாய். அதற்கு உனக்கு அதிக நேரம் பிடிக்காது. பிரிக்க வசதியாகப் பெரிய தையலாகப் போட்டு, உள்ளே வேண்டிய துணியும் விட்டிருப்பாய்.

அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு மூன்று ரவிக்கை இப்படி ஆனதும் உன் முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"உந்தப் பிள்ளைக்குக் கை அளவே எடுக்கத் தெரியாது. தோட்டத்து ஆக்களிட்டக் குடுத்தா உப்பிடித்தான்."

உன் அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டர். நீ ரப்பர் தோட்டத்தைக் கண்ணாலும் பார்த்ததில்லை. அம்மாவுக்கு எல்லாம் ஒன்றுதான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நீ வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு நின்றாய். அம்மா படி இறங்கிய பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாய்.

"நல்ல வேளை வாய்க்குள்ள ஊசி இருந்திச்சு. இல்லன்னா ஏதாச்சும் சொல்லியிருப்பேன்."

"அம்மாகிட்டச் சொல்லிடுறேன்டி. உன் பேரு கெடுது."

"வாய மூடு. கை அளவு தெரியாதவன்னு எனக்கு ஒரு பேரு இருந்திட்டுப் போகட்டும். உன் கல்யாண ஜாக்கெட்டு நான்தான் தைப்பேன். அன்னைக்குப் பாப்பாங்க, அப்ப பேசிக்கிறேன்."

அந்த ஒரு ரவிக்கையை நம்பித்தான் நீ எல்லாவற்றையும் பொறுத்தாய். அம்மா சொன்னது பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் பரவியது. எங்கள் சனத்துப் பெண்கள் உன் படி ஏறுவதை நிறுத்தினார்கள். அதைப் பற்றி நீ என்னிடம் மூச்சு விட்டதில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நேராக எங்கள் வீட்டுக்கே வந்தார். ஒளிந்து பேசுவது தனக்குப் பிடிக்கவில்லை என்றார். வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் பெட்டி போட்டு, எண்ணெய் வைத்துத் தலை வாரி வந்திருந்தார். அப்பா அவரை உட்காரச் சொல்லவில்லை.

"நீர் எந்தத் தோட்டம்?"

அவர் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்கே சந்தித்தோம் என்று அம்மா என்னை உலுக்கியபோது டைப்பிங் வகுப்பில் என்று மட்டும் சொன்னேன். உன் பெயர் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை இந்த வாடாமல்லி ரவிக்கையைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு ஓடி வந்தேன். சமையலறை காலியாக இருந்தது. காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்றாய். பினாங்குக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாராம். அவர் சொன்னதை நீ ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாய். "அந்தப் பொண்ணு தினமும் அந்த வீட்டுக்கும் எனக்கும் நடுவுல நிக்க வேணாம்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முன்னறையில் இரண்டு பெண்கள் துணி கொடுக்கக் காத்திருந்தார்கள். நீ எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தாய். நிறுத்தாமல் மிதித்தாய். திரை விலகலில் நான் பார்த்தேன். ஊசிக்கடியில் துணியே இல்லை. என் அழுகை அவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று வெறும் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாய்.

ரவிக்கையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

பின்னால் எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. அம்பாங்கில் குடியேறினோம். வந்தவர் நல்லவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்யாண ரவிக்கையை மட்டும் உன்னிடம் கொடுக்கவே கூடாது என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். யாரோ தைத்தார்கள். நீ பரிசு கொடுக்க மேடை ஏறி வந்து, என் தோளைப் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னாய்: "தோள்ல சுருக்கம் விழுதுடி. நான்னா விட்டிருக்க மாட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் செந்தூலில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். உன் சொந்தக்காரர்கள் நடுவில் நான் யார்? எப்போதோ கூடப் படித்தவள். அவர்கள் அழும்போது நான் அதற்குமேல் அழுதால் ஏன் என்று கேட்பார்கள். சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன். அன்று எனக்காக மிஷின் ஓட்ட நீ இல்லை.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். கண் சரியாகத் தெரியாது. நேற்று ரவிக்கையை எடுத்துப்போய், நீ தைத்தது என்று சொல்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிளேடால் ஒரு கையின் தையலைப் பிரித்தேன். இரண்டு இழுப்பில் முழுவதும் வந்துவிட்டது. உள்ளே மடித்து விட்டிருந்த துணியை அவள் விரலில் கொடுத்தேன். தடவிக்கொண்டே இருந்தாள்.

"எவ்வளவு துணி விட்டிருக்கிறாள். அளவு தெரியாதவள் இப்பிடி விடமாட்டாள், பிள்ளை. இது வேணுமெண்டு இறுக்கினது."

"ஓம் அம்மா."

"ஆருக்காக?"

"எனக்காக."

அம்மா அந்த மடிப்பை விரலால் அளந்து பார்த்தாள். அவளுக்கு எது எது விளங்கியது என்று நான் கேட்கவில்லை. கடைசியில், "நல்ல வேலைக்காரி," என்றாள். "நான் அவளைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனே."

இதைக் கேட்க நீ இல்லையே என்று நினைத்தபோதுதான் எனக்கு மனம் உடைந்தது. எந்த மிஷின் சத்தமும் மறைக்காமல், அம்மாவின் மடியில் வாய்விட்டு அழுதேன்.

ஒரு கையைத்தான் பிரித்தேன். மற்றக் கை நீ தைத்தபடியே இருக்கிறது.