வாசல் பலகையில் ஒரு பூஜ்யம்

மார்ச் 3
புது உத்தரவு. சிறையில் எத்தனை பேர், உடம்பு சரியில்லாதவர் எத்தனை, ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே இருப்பவர் எத்தனை என்று தினமும் வாசல் பலகையில் எழுத வேண்டுமாம். ஊரறிய! எழுதும் வேலை என் தலையில். ஜாமீன் கணக்குக்கு என்ன போட என்று சூப்பரின்டெண்டைக் கேட்டேன். "பூஜ்யம் போடும்மா, பாக்க லட்சணமா இருக்கும்."

மார்ச் 4
பூஜ்யம்.

மார்ச் 5
பூஜ்யம். இன்று நல்ல உருண்டையாக வந்தது. கை பழகிவிட்டது.

மார்ச் 6, வெள்ளி
தம்பியைப் பார்க்க வந்த ஒரு பெண் பலகை முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். நேரே என் ஜன்னலுக்கு வந்தாள்.
"மேடம், என் தம்பிக்குப் போன வாரமே ஜாமீன் குடுத்தாச்சு. நீங்க யாருமே இல்லன்னு எழுதியிருக்கீங்க. அப்ப உள்ள இருக்கறது யாரு?"
ஜாமீன் ஆணை எதுவும் வரவில்லையே என்றேன்.
"வரலையா, நீங்க பாக்கலையா?"
என்ன வாய்! ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆமாம் — ஆணைகள் எங்கேதான் வருகின்றன?

மார்ச் 7
நீதிமன்றம் தாளில் அனுப்புவதை நிறுத்தி மூன்று வாரமாம். எல்லாம் மெயிலில். எங்களுக்கு மெயில் உண்டு என்பதே எனக்குச் செய்தி! கடவுச்சொல் தெரிந்த ஒரே ஜீவன், போன மாதம் ஓய்வுபெற்ற பழைய கிளார்க். போன் போட்டேன். "யாரும் கேக்கலையேம்மா, அதான் சொல்லல." அடப்பாவி மனுஷா!

திறந்தால் பதினொரு ஆணை. அந்தத் தம்பியுடையதும் இருந்தது.

சூப்பரின்டெண்ட், "திங்கக்கெழம மெதுவா பாக்கலாம். பூஜ்யத்த மட்டும் மாத்தாத, என் மானம் போயிடும்" என்றார். இவர் மானத்துக்காக அவன் இன்னும் ரெண்டு நாள் உள்ள கெடக்கணுமா? என்ன நியாயம் இது?

சாக்பீஸை எடுத்தேன். 11. வாசலில் நின்ற கூட்டம் கசமுசவென்று பேச ஆரம்பித்தது. சூப்பரின்டெண்ட் எட்டிப் பார்த்தார், குதித்தார், என்னை முறைத்தார். கூட்டம் ஜன்னலை நெருங்கியதும், "பேனாவக் குடு. எங்கெங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

அதே நாள், சாயங்காலம்
வெளியே விட்டதும் பத்துப் பேர் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். தம்பிக்காரன் மட்டும் பலகை முன்னால் நின்றுவிட்டான். அக்கா கையைப் பிடித்து இழுத்தாள்.
"உன் பேரா எழுதியிருக்கு? வாடா!"
"இருக்குக்கா, அந்தப் பதினொண்ணுல ஒண்ணு நான்தானே."
அவன் பார்த்து முடிக்கும்வரை பலகையை அழிக்கப் போகவில்லை.