நீலப் பட்டைச் செருப்பு

பெரியவனின் அம்மாவுக்கு, நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் சொல்லச் சொல்லச் சமையல்காரர் எழுதுகிறார்.

இந்தத் தீவில் பவளப்பாறை பார்க்க வருகிறவர்கள் படகில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடலில் இறங்குவார்கள். செருப்புக்குக் காவல் நான். எது யாருடையது என்பது எனக்கு மறக்காது. முந்தாநாள் எல்லோரும் ஏறிய பிறகும் நீலப் பட்டை வைத்த ஒரு ஜோடி மிஞ்சியது. தனியாக வந்த, கன்னத்தில் மச்சமுள்ள பெண்ணுடையது.

"ஒரு ஆள் இன்னும் தண்ணியில இருக்குங்க" என்றேன்.

"பட்டியல்ல எல்லாருக்கும் டிக் போட்டாச்சு. எழுத்தே தெரியாத நீ எனக்குக் கணக்குச் சொல்றியா, பெருசு?" என்று சிரித்தார் மேலாளர். படகைக் கிளப்பிவிட்டார்கள். அவளை இன்னும் காணவில்லை.

பயப்படாதே, என் மேல் தப்பில்லை. போனவர்கள் எல்லோரும் திரும்பியதைப் பார்த்தேன் என்று ஒரு காகிதத்தில் மேலாளர் கைநாட்டுக் கேட்கிறார். மாட்டேன் என்றேன். நாளை விடிந்ததும் என்னை மட்டும் படகில் கூட்டிப்போய்ப் பேசுவாராம்.

இந்தப் பொட்டலத்தில் அந்தச் செருப்பு இருக்கிறது. பரணில் வை. அவளைத் தேடி யாராவது வந்தால் மட்டும் கொடு. போன கடிதத்தில் கேட்ட தைலத்தை இப்போது அனுப்பாதே. நான் சொல்லும்வரை பொறு. தபால் படகு கிளம்புகிறது.