பொலிக்குதிரைக்கு மாட்டிய சட்டை

சின்னவளின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். என் அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? சின்னவள் நடக்கிறாளாமே!

எனக்குக் குதிரை லத்தி அள்ளியே இடுப்பு விட்டுப்போகிறது. நான் பார்த்துக்கொள்ளும் குதிரை பந்தயங்களில் ஓடி ஓய்ந்து, இப்போது பெட்டைகளோடு சேர்க்கப் பொலிக்கு நிற்கிறது. நேற்று அதன் மகன் முதல் பந்தயத்திலேயே ஜெயித்துவிட்டான். அப்பனுக்கு மாலை போட வந்த முதலாளி, “இவனுக்குத் தெரியுமாடா?” என்றார்.

“புள்ளையவே பாத்ததில்லைங்க,” என்றேன்.

முதலாளியோடு வந்த கூட்டத்தைக் கண்டு மிரண்ட குதிரை என் தோளைக் கடித்துவிட்டது. லேசான காயம்தான், பயப்படாதே. பிறகு அது தீனியைத் தொடவில்லை. என் அழுக்குச் சட்டையை லாயத்தில் மாட்டினேன். பழகிய வாடை, அடங்கிவிட்டது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உன் பழைய சேலையும் சின்னவளின் கவுனும் கொடுத்தனுப்பு. கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

துவைத்துவிடாதே.