அவர் காலை ஆளா, ராத்திரி ஆளா

1964 ஜூலை 6, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். கொடியில் போட்ட புடவை மூன்றாம் நாளாக ஈரம். ஒரு தெர்மாமீட்டர் உடைந்தது. என் கைதான், வேறு யாரைத் திட்ட? வாங்க வேண்டியவை: ஸ்பிரிட், பஞ்சு, வரைபடத் தாள், சீரகம்.

பாளையங்கோட்டை புரொபசரிடமிருந்து பதில். ஊர்க்காரர்களின் உடம்புச் சூட்டை அளக்கும் ஆராய்ச்சியைத் தொடரலாமாம். உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, அதன் ஒரு நாள் சுற்றுக்குச் 'சர்க்கேடியன்' என்று புதுப் பெயர் வைத்திருக்கிறார்களாம். எழுந்த கொஞ்ச நேரத்தில் உடம்புச் சூடு ஏறினால் காலை ஆள். பொழுது சாயும்போதுதான் ஏறுகிறதென்றால் ராத்திரி ஆள். பிறவிக் குணமாகவும் இருக்கலாம், மாற்றுவது கஷ்டம் என்கிறார்.

பால் வாங்கப் போன இடத்தில், என் முதுகுக்குப் பின்னால்: "ஸ்டேஷன் ஐயா வீட்டு டீச்சரம்மாக்குக் கோட்டி பிடிச்சிட்டோ? நல்லா இருக்கவங்க வாயில எல்லாம் குழாய வைக்கா!" திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேரும் பால் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஜூலை 8, புதன்

பள்ளிக்கூடத்தில் தவளை அறுத்துக் காட்டினேன். ஒரு பெண் மயக்கம். தலைமையாசிரியைக்கு என் மேல் கோபம், தவளைக்கு இல்லாத கோபம்.

காலை ஆட்களில் செண்பகத்தக்காதான் கெட்டிக்காரி. விடியுமுன் குற்றாலம் போய் சீசன் கூட்டத்துக்குப் பூ விற்றுவிட்டு, திரும்பும் வழியில் இங்கே வந்து வாயைத் திறப்பாள். ராத்திரி ஆட்களில் சினிமாக் கொட்டகை ஆபரேட்டர் மைதீன். "டீச்சர், வாயில வச்சிட்டுப் பீடி குடிக்கலாமா?" என்று தினமும் கேட்கிறார்.

என் வீட்டுக்காரரையும் ராத்திரி ஆட்களில் சேர்த்துவிட்டேன். இவர் எனக்கு யார் என்று புரொபசருக்கு எழுதவில்லை. ரயில் ஸ்டேஷனில் எப்போதும் ராத்திரி டூட்டி. காலையில் அவர் உள்ளே வரும்போது நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். சாயங்காலம் நான் வரும்போது அவர் சட்டை மாட்டிக்கொண்டிருப்பார். கல்யாணமாகி இரண்டு வருஷம். எதிரெதிரே உட்காருவது தெர்மாமீட்டர் அவர் நாக்கடியில் இருக்கும் நேரம் மட்டும்தான், அப்போதும் அவர் பேச முடியாது.

அவர் ராத்திரி ஆளாகவே இருந்துவிட்டால் தேவலை. பிறவிக் குணம் என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? இவர் வீட்டில் தங்காதது என் குற்றம் ஆகாதே.

ஜூலை 11, சனி

வரைபடம் போட்டேன். காலையில் இவர் உடம்பு நன்றாகக் குளிர்ந்து கிடக்கிறது. அசல் ராத்திரி ஆள்! தனியாக ஒரு டம்ளர் பாயசம் வைத்துக் குடித்தேன். சிரிப்பாகவும் இருந்தது.

ஆனால் செண்பகத்தக்காவின் கோடும் காலையில் அதே மாதிரி கீழே கிடக்கிறது. பால்கார அண்ணாச்சியுடையதும். கோழிக்கு முன்னால் எழுந்திருக்கிறவர்கள் எல்லாம் ராத்திரி ஆட்களா? ஏதோ இடிக்கிறது.

ஜூலை 12, ஞாயிறு

என் மடத்தனத்தை என்ன சொல்ல. செண்பகத்தக்காவின் கொண்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழையில் நனைந்தீர்களா என்று கேட்டேன்.

"மழையா? அருவில குளிச்சிட்டுத்தான டீச்சர் வாரேன். சீசன்ல குளிக்காம யாராவது ஊருக்குத் திரும்புவாளா?"

தினமுமா என்றேன். "தினமுந்தான். அண்ணாச்சியுந்தான் வாரார். வாய் நெறையத் தண்ணி குடிச்சாத்தான் குளிச்ச மாதிரி இருக்கும்."

ஐஸ் மாதிரித் தண்ணீரில் நின்று, அதையே குடித்துவிட்டு நேரே வந்து தெர்மாமீட்டரைக் கவ்வியிருக்கிறார்கள். நான் அளந்ததெல்லாம் குற்றாலத்தைத்தான். இந்த ஊர்க்காரி எனக்கே தோன்றவில்லை. தாள் எல்லாவற்றையும் கிழித்தேன்.

பிறகு இவர் துண்டு ஞாபகம் வந்தது. காலையில் கொடியில் கிடக்கும், பிழிந்தும் பிழியாமலும். ஸ்டேஷனில் குளித்துவிட்டு வருகிறார் என்று நினைத்திருந்தேன். கேட்டேன்.

"ஐந்தருவிக்குப் போயிட்டு வாரேன். சைக்கிள்லதான்."

"டூட்டி முடிஞ்ச அசதியோடயா?"

"அங்கன நல்லா இருக்கும்" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 14, செவ்வாய்

இவருக்கு நேற்றும் இன்றும் ரெஸ்ட். அருவிக்குப் போகக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். நான் எழுந்தபோது வாசல் தெளித்திருந்தது, பால் காய்ச்சியிருந்தது, இவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளும் அப்படியே. சூடு அளந்தேன். என்னுடையதைப் போலவே விடியலிலேயே ஏறிவிடுகிறது. சாயங்காலம் விளக்கு வைத்ததும் கொட்டாவி.

காலை ஆள். என்னை மாதிரியே.

நேற்றுச் சாயங்காலம் பூராவும் இரண்டு பேரும் கூடத்தில் இருந்தோம். புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தேன். "மழ விடாது போல" என்றேன். "ஆமா" என்றார். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார், அது ஏற்கெனவே கொடுத்ததுதான்.

பாவம், வேலை அப்படி அமைந்துவிட்டது. பகல் டூட்டி கேட்டு மேலே மனுப் போடச் சொல்ல வேண்டும்.

ஜூலை 17, வெள்ளி

சாயங்காலம் எஸ்தர் வந்தாள், இவரோடு வேலை பார்க்கும் சாலமன் சாரின் மனைவி. இடுப்பில் கைக்குழந்தை, கையில் ஒரு பை மங்குஸ்தான். உட்காரக்கூட இல்லை.

"டீச்சர், உங்க சார் நல்லா இருக்கணும். பிள்ள பொறந்ததுல இருந்து எங்க வீட்ல அவுக ராத்திரி முறையையும் சாரே எடுத்துக்கிடுதாவ. ஒரு நாளு கூட மூஞ்சி சுளிக்கல."

எனக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்ளவில்லை. சும்மா சிரித்தேன்.

"எங்க அவுக கேட்டாகளாம், உங்களுக்குச் சிரமம் இல்லையான்னு. அதுக்கு சார், வீட்ல எனக்கு என்ன சோலி இருக்குன்னாகளாம். பெரிய மனசு டீச்சர்!"

குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அவர்கள் போன பிறகு அழுதேன். நன்றாகவே அழுதேன். யார் பார்க்க?

மங்குஸ்தான் ஒன்றுகூடத் தின்னவில்லை.

ஜூலை 19, ஞாயிறு

காலையில் தலை ஈரத்தோடு வந்தார். தட்டு வைத்தேன், இட்லி வைத்தேன். நேரே கேட்டுவிட்டேன்: "சாலமன் சார் முறைய எல்லாம் நீங்க எதுக்கு எடுக்குதிய?"

கையிலிருந்த இட்லியைத் தட்டில் திரும்ப வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நான் இருந்தா நீ புஸ்தகத்த மூடி வச்சிட்டு உக்காந்திருக்க. படிச்ச பிள்ள. உன்கிட்ட என்ன பேசன்னு எனக்குத் தெரிய மாட்டக்கு. நீயும் எவ்வளவு நேரந்தான் மழையப் பத்திப் பேசுவ? அதான்."

நீங்கள் பேசாமல் இருந்தாலும் எனக்குப் போதும் என்று சொல்ல வேண்டும். "சட்னி வைக்கட்டுமா?" என்றேன். போதும் என்று கை காட்டினார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். பகல் முழுக்க அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேயிருந்தேன், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி.

சாயங்காலம் சட்டை மாட்டினார். வாசல்படியில் நின்றார். நல்ல மழை.

"இன்னைக்கும் சாலமன் முறதான்" என்றார். பிறகு, "போகட்டுமா?"

இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அப்படிக் கேட்டதில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"குடை எடுத்துக்கிடுங்க" என்றேன்.

எடுத்துக்கொண்டு போனார்.